மிட்சோமர் கிராமங்களை நேரில் பார்க்க: எங்கே இறங்குவது, எப்படி நடப்பது

1997 முதல் ஓடிக்கொண்டிருக்கும் ‘மிட்சோமர் மர்டர்ஸ்’ என்ற பிரிட்டிஷ் துப்பறியும் தொலைக்காட்சித் தொடரின் கிராமங்களைத் தேடிப் போகிறவர்கள் முதலில் செய்யும் தவறு, பேட்ஜர்ஸ் டிரிஃப்ட் போன்ற ஒரு கற்பனை ஊரின் பெயரைப் பிடித்துக்கொண்டு அந்த ஊர் முழுவதும் ஒரே இடத்தில் கிடைக்கும் என்று நம்புவது. திரையில் ஒரே ஊராகத் தெரிவது பல ஊர்களின் ஒட்டு. தேவாலயம் ஓர் ஊரில் இருக்கும், பப் இன்னொன்றில், கொலை நடந்த பங்களா மூன்றாவதில். பப்பின் பெயர்ப் பலகையையும் படப்பிடிப்புக்காக மாற்றிவிடுவார்கள். ஆகவே கதை ஊரை விட்டுவிட்டுக் கட்டடங்களைத் தேடுங்கள்.

பிடித்த அத்தியாயத்தை ஓடவிட்டு, தேவாலயக் கோபுரம், பப்பின் முகப்பு, ஊர்ப் புல்வெளி வரும் இடங்களில் நிறுத்திப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஆங்கிலேயத் தேவாலயங்களில் பலிபீடம் கிழக்கே இருக்கும், கோபுரம் பெரும்பாலும் மேற்கு முனையில் நிற்கும். இது தெரிந்தால் படத்தில் கேமரா எந்தத் திசையில் நின்றது என்று கணக்குப் போடலாம். கோபுரத்தின் மேற்கு முகத்தில் வெயில் விழப் பிற்பகலில்தான் போக வேண்டும் என்பதும் புரியும்.

கார் இல்லாமல் போவதற்கு மிக நல்ல தொடக்கம் வாலிங்ஃபோர்டு. தொடரின் காஸ்டன் நகரமாகப் பலமுறை வந்தது இந்த ஊர்தான். லண்டன் பேடிங்டனிலிருந்து சோல்சி நிலையத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி நேர ரயில் பயணம். சில நேரங்களில் ரெடிங்கில் மாற வேண்டியிருக்கும். சோல்சியில் இறங்கியதும் வாலிங்ஃபோர்டு பேருந்தைத் தேடி ஓடாமல், முதலில் செயின்ட் மேரி தேவாலயத்துக்கு நடந்து போங்கள். அகதா கிறிஸ்டியின் கல்லறை அங்கே இருக்கிறது. அவர் 1934 முதல் வாழ்ந்த வீடு வாலிங்ஃபோர்டில்தான். துப்பறியும் கதைப் பிரியர் யாரும் இந்த இடத்தைத் தவறவிடக் கூடாது. வாலிங்ஃபோர்டின் சந்தைச் சதுக்கத்தில் நிற்கும் கார்ன் எக்ஸ்சேஞ்ச்தான் காஸ்டன் நாடக அரங்கம். 1856-இல் தானியச் சந்தையாகக் கட்டப்பட்ட இந்தக் கட்டடத்தில் இப்போது நாடகமும் சினிமாவும் நடக்கின்றன. உள்ளே பார்க்க எளிய வழி, அன்றைய காட்சிக்கு ஒரு டிக்கெட் வாங்குவது.

அங்கிருந்து தேம்ஸ் பாத் என்ற ஆற்றோர நடைபாதை வழியாக ஷில்லிங்ஃபோர்டு போய் வார்பரோவை அடைய 5 கிலோமீட்டர் அளவில் நடக்க வேண்டும். அகன்ற புல்வெளி, கிரிக்கெட் திடல், ஓரத்தில் சிக்ஸ் பெல்ஸ் பப் என்று இந்தத் தொடருக்காகவே அமைந்தது போன்ற ஊர். இன்னும் 2 அல்லது 3 கிலோமீட்டரில் டார்செஸ்டர். அங்குள்ள அபே தேவாலயத்தில், மரம்போல் கல்லில் கிளைவிடும் 14-ஆம் நூற்றாண்டு ஜன்னல் ஒன்று உண்டு. அதற்கென்றே அரை மணி நேரம் ஒதுக்கலாம். குளிர்காலத்தில் தேம்ஸ் பொங்கினால் ஆற்றோரப் பாதை நீரில் மூழ்கிவிடும். அப்போது ஊர்ச் சாலைகள்தான் வழி.

பேட்ஜர்ஸ் டிரிஃப்ட்டாகத் திரையில் வந்த இடங்களைப் பார்க்க வேண்டுமென்றால் பக்கிங்ஹாம்ஷயரின் தி லீ கிராமத்துக்குப் போக வேண்டும். லண்டன் மேரில்போன் நிலையத்திலிருந்து கிரேட் மிஸ்ஸெண்டன் வரை ரயில், பிறகு 5 கிலோமீட்டர் ஏற்றம். இதே நிலையத்திலிருந்து எதிர்த்திசையில் 4 கிலோமீட்டரில் லிட்டில் மிஸ்ஸெண்டன் இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள். லிட்டில் மிஸ்ஸெண்டனைத் தேர்ந்தால் சவுத் பக்ஸ் வே பாதையைப் பிடித்து அப்படியே பழைய அமர்ஷாம் வரை நடந்து, அங்கிருந்து அதே தடத்தில் ரயில் ஏறித் திரும்பலாம். மொத்தம் 9, 10 கிலோமீட்டர். நிலையம் பழைய ஊரிலிருந்து மேட்டில் இருப்பதால், கடைசியில் ஓர் ஏற்றம் காத்திருக்கும். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம்: லண்டன் போக்குவரத்துக்கான ஆய்ஸ்டர் அட்டை அமர்ஷாம் வரைதான் செல்லும். கிரேட் மிஸ்ஸெண்டனுக்குப் புறப்படும் முன்பே தனி டிக்கெட் எடுத்துவிடுங்கள்.

தொடரில் வந்த டர்வில், ஹாம்பிள்டன் கிராமங்கள் இரண்டுக்கும் கார் தேவை. ஹாம்பிள்டன் பப்பின் பின்னால் உள்ள நிறுத்தத்தில் காரை விட்டுவிட்டு, பள்ளத்தாக்கு வழியே டர்வில்லுக்கு நடப்பதே நல்லது. டர்வில்லில் நிறுத்த இடம் மிகக் குறைவு. இந்தப் பக்கத்துச் சாலைகள் பல ஒற்றை வண்டி அகலம். எதிரே வண்டி வந்தால், விலகும் இடம் யாருக்கு அருகில் இருக்கிறதோ அவர் பின்வாங்க வேண்டும்.

வரைபடத்துக்கு பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 அளவுள்ள எக்ஸ்ப்ளோரர் தாள்களே போதும். டர்வில் பக்கத்துக்கு 171, மிஸ்ஸெண்டன் பக்கத்துக்கு 181. பச்சைக் கோடுகள் பொதுவழிகள். களத்தில் மஞ்சள் அம்பு நடப்பவருக்கு; நீல அம்பு குதிரைக்கும் சைக்கிளுக்கும் உரியது, நடப்பவரும் போகலாம். வழி வயலின் நடுவே போனாலும் தயங்காமல் நடங்கள், நீங்கள் திறந்த வேலிக் கதவை மூடிவிட்டுப் போங்கள். வீடுகள் மட்டும் வேறு கதை. திரையில் எத்தனை கொலை நடந்திருந்தாலும் அங்கே இப்போது ஒரு குடும்பம் வாழ்கிறது. பொதுச் சாலையிலிருந்து ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள், வாசலில் நிற்க வேண்டாம்.

கிராமப் பப்களில் பல மதியம் இரண்டு, இரண்டரைக்கே சமையலறையை மூடிவிடும். திங்களன்று கதவே திறக்காதவையும் உண்டு. கிராமப் பேருந்துகளுக்கு ஞாயிறு சேவை பெரும்பாலும் கிடையாது. டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும், ஜூனில் ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். மழைக்குப் பிறகு இந்தப் பகுதிக் குன்றுகளின் சேறு காலணியைப் பிடித்துக்கொள்ளும். கணுக்கால் மூடும் பூட்ஸும், பப்புக்குள் போகும்போது மாற்றிக்கொள்ள ஒரு ஜோடி சுத்தமான காலணியும் பையில் இருக்கட்டும்.