ஓயாமல் பூசலிடும் சக ஊழியரைக் கையாளும் முறை

அலுவலகத்தில் எழும் கருத்து வேறுபாடுகள் பெரும்பாலும் பேசினால் தீர்ந்துவிடும். பேசப் பேச வளரும் பூசல் வேறு வகை. எந்தத் தவறுக்கும் பிறரையே காரணம் காட்டுவது, ஒரு விவகாரம் அடங்கியதும் அடுத்ததைத் தொடங்குவது, உடன் வேலை செய்வோரைத் தம் பக்கம், எதிர்ப்பக்கம் என்று பிரிப்பது ஆகியவை ஒருவரிடம் மாதக்கணக்கில் தொடர்ந்தால், வழக்கமான சமாதானப் பேச்சு அவரிடம் பலிக்காது. இதை வைத்து அவருக்கு மனநோய்ப் பெயர் எதையும் சூட்டிவிடக் கூடாது. அது மருத்துவரின் வேலை.

அவருக்கு நம் நியாயத்தைப் புரியவைத்துவிடலாம் என்ற ஆசையைத்தான் முதலில் கைவிட வேண்டும். நீண்ட விளக்கத்தின் ஒவ்வொரு வரியும் அடுத்த சண்டைக்கு அவர் எடுத்துக்கொள்ளும் பிடியாகிவிடுகிறது. ஆகவே, தவறு யார்மேல் என்ற பேச்சிலிருந்து அடுத்து என்ன செய்வது என்ற பேச்சுக்கு விவகாரத்தைத் திருப்புவதே நம் வேலை.

மேலாளருக்கும் நகல் அனுப்பி, "உங்களால்தான் ஒப்பந்தப்புள்ளி தாமதமானது, எப்போதும் இப்படித்தான்" என்று ஒருவர் இரவில் மின்னஞ்சல் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் காலை, அதே நகல்களோடு, இப்படிப் பதில் எழுதலாம்: "வணக்கம். ஒப்பந்தப்புள்ளிக்கான விலைப்பட்டியல் செவ்வாய் பிற்பகல் 3 மணிக்கு அனுப்பப்பட்டது. திருத்தங்கள் இருந்தால் வியாழன் நண்பகலுக்குள் தெரிவியுங்கள். நேரில் பேசுவது வசதி என்றால் புதன் காலை 10 மணிக்கு நான் தயார்." இதில் தற்காப்பும் இல்லை, அறிவுரையும் இல்லை, சரிபார்க்கக்கூடிய ஒரு தகவலும், அவர் தேர்ந்தெடுக்க இரண்டு வழிகளும் மட்டுமே உள்ளன. "எப்போதும்" என்ற குற்றச்சாட்டைத் தொடவே கூடாது. செய்யாத தவறுக்கு, அமைதி வேண்டி மன்னிப்புக் கேட்பதும் தவறு. நாளை அதுவே உங்கள் ஒப்புதலாகக் காட்டப்படும்.

நேரில் குரல் உயரும்போது, "இது உங்களுக்கு எரிச்சலூட்டியிருப்பது தெரிகிறது, பட்டியலை ஒன்றாகப் பார்ப்போம்" என்று ஒருமுறை சொல்லலாம். அதன் பிறகும் ஏசினால், எப்போது மீண்டும் பேசலாம் என்று நேரம் குறித்துவிட்டு விலகுவதே நல்லது.

தமிழர் இருவர் ஒரே பிரிவில் இருந்தால் இன்னொரு சிக்கல் வரும். "தம்பி, நீயே அவங்க பக்கம் பேசலாமா?" என்ற கேள்வியில் வயதும் மொழியும் உரிமையும் சேர்ந்து அழுத்தும். மரியாதையைக் குறைக்காமல், "அண்ணே, அந்தக் கூட்டத்தில் நான் இல்லை, அவரிடமே நேராகக் கேட்டுவிடுங்கள்" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். வாட்ஸ்அப் குழுவில் இதே கேள்வி வந்தால் பதில் எழுதாமலிருப்பதே மேல் என்பது என் கருத்து.

நடந்தவற்றைக் குறித்து வையுங்கள்: தேதி, நேரம், உடனிருந்தவர்கள், சொன்ன சொற்கள். "திமிராகப் பேசினார்" என்பது உங்கள் தீர்ப்பு. அவர் சொன்ன வாக்கியமே பதிவு. நிறுவனத்தின் இரகசிய ஆவணங்களைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பினால் நீங்களே விதி மீறியவராவீர்கள்.

மேற்பார்வையாளராக இருப்பவர், பூசலிடுபவரின் குணத்தைப் பற்றிப் பேசாமல், நிறுத்த வேண்டிய செயலையும் நிறுத்தாவிட்டால் எடுக்கப்படும் நடவடிக்கையையும் எழுத்தில் தர வேண்டும். இருவரையும் ஒரே அறையில் உட்காரவைத்துக் கைகுலுக்கச் சொல்வது பெரும்பாலும் அமைதியானவரையே தண்டிக்கிறது.

மிரட்டலோ, அவமதிப்போ, பின்தொடர்தலோ இருந்தால் அது பொறுத்துப்போகும் விஷயமன்று. வேலையிடத் துன்புறுத்தலைக் கையாள சிங்கப்பூரின் மனிதவள அமைச்சும் தேசியத் தொழிற்சங்கக் காங்கிரசும் தேசிய முதலாளிகள் சம்மேளனமும் 2015இல் முத்தரப்பு ஆலோசனைக் குறிப்பை வெளியிட்டன. நிறுவனத்தின் மனிதவளப் பிரிவு அசையாவிட்டால் நியாயமான வேலை நடைமுறைகளுக்கான முத்தரப்புக் கூட்டணியான டாஃபெப்பை (TAFEP) நாடலாம். 2014ஆம் ஆண்டின் துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டம் வேலையிடத்துக்கும் பொருந்தும். அதன்கீழ் நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவு கோரலாம். முதலாளிகள் புகார்களை விசாரிக்க நடைமுறை வைத்திருக்க வேண்டும் என்று கூறும் வேலையிட நியாயச் சட்டமும் 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

ஆத்திரத்தில் பதவி விலகல் கடிதம் கொடுக்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். கட்டாயப்படுத்தி விலகவைத்ததாக நீங்கள் முறையிட நினைத்தால், இப்போதைய விதிப்படி, வேலையின் கடைசி நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் முறையான கோரிக்கையைப் பதிவுசெய்ய வேண்டும்.