அச்சடித்த உலோகப் பாகத்துக்கு லேசர் பீனிங்: அனுப்புவதற்கு முன்னும் வந்த பின்னும்

கோத்தகிரியில் எனக்கு ஒரு லேத் பட்டறை. சுற்றியுள்ள டீ ஃபேக்டரிகளின் ரோலர், டிரையர், விசிறி எது மக்கர் செய்தாலும் என்னிடம்தான் வரும். ஒரு பழைய ரோலர் மேசையின் கிராங்க் கைக்கு வார்ப்பு அச்சே எங்கும் இல்லை. ஸ்கேன் செய்து, கோயம்புத்தூரில் 316எல் ஸ்டெயின்லெஸ் பவுடரை லேசரில் உருக்கி அடுக்கும் 3டி பிரிண்டிங்கில் அச்சடித்து வாங்கினேன். ஒரு சீசன்கூடத் தாங்கவில்லை. உடைந்த முகத்தில் சிப்பி ஓடு போல வரிவரியாகக் கோடுகள், விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்த அடையாளம். அவை கிளம்பிய மூலையை லென்ஸில் பார்த்தால், உருகாத பவுடர் ரவை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது.

மச்சான் மகன் லேசர் பீனிங்கில், அதாவது லேசர் அடியால் உலோகத்தின் மேல்தோலை அமுக்கி விரிசலைத் தடுக்கும் முறையில், ஆராய்ச்சி செய்கிறான். அவனுக்குச் சோதித்துப் பார்க்க நிஜப் பாகம் வேண்டும், எனக்கு உடையாத கை வேண்டும். அப்படித்தான் இது ஆரம்பித்தது. காசு கொடுத்துச் செய்வதென்றால் ஒரு டீ ரோலருக்கு இது கட்டுப்படியாகாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அச்சடித்த பாகம் அடுக்கடுக்காக உருகிக் குளிர்வதால் அதன் மேல்தோல் உள்ளூர இழுபட்டே நிற்கும். அதனால் அச்சடித்த அடித்தட்டான பிளேட்டிலிருந்து வெட்டும் முன்பே, அந்த இழுப்பைத் தளர்த்தும் ஸ்ட்ரெஸ் ரிலீவ் சூடு கொடுக்கச் சொல்லுங்கள். வெட்டிய பிறகு கொடுத்தால் அதற்குள் பாகம் கோணிவிடும். அப்புறம் ஹிப் (HIP). அதாவது சூட்டோடு சுமார் 1000 வளிமண்டல அழுத்தத்தில் வாயுவை ஏற்றி, உள்ளே இருக்கும் ஓட்டைகளை மூடுவது. மேற்பரப்பில் வாய் திறந்திருக்கும் ஓட்டைக்குள் வாயுவே புகுந்துவிடும் என்பதால் அது மூடாது. அதை மெஷினிங்கில் எடுத்துவிட வேண்டும். சொரசொரப்பு, சப்போர்ட் தழும்பு எல்லாம் இதோடு போய்விட வேண்டும். அளவையும் இப்போதே முடித்துவிடுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

லேசர் எங்கே அடிக்க வேண்டும் என்பதை மார்க்கரால் வரைந்து கொடுங்கள். பாகம் முழுக்க அடிக்கத் தேவையில்லை. என் கிராங்க் கையில் பாஸுக்கும் (துளை உள்ள தடித்த முனை) தண்டுக்கும் நடுவே உள்ள வளைவுதான் உடைகிற இடம். அடிக்கும் பட்டை அந்த வளைவிலேயே முடியக் கூடாது, பளு குறைந்த இடம் வரை நீள வேண்டும். தோலில் ஏறிய அமுக்கத்துக்கு ஈடாகப் பட்டையின் ஓரத்தில் இழுவிசை வந்து உட்காரும். மெல்லிய பாகமென்றால் இரண்டு பக்கமும் சமமாக அடிக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் வளைந்துவிடும்.

அடிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கறுப்பு டேப் ஒட்டி, அதன்மேல் 1–2 மி.மீ. தண்ணீர்ப் படலம் ஓட விடுகிறார்கள். 3 மி.மீ. புள்ளியில் 3 ஜூல், 20 நானோ நொடி. கணக்குப் போட்டால் சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய 2 கிகாவாட். டேப்பின் மேல்பகுதி பிளாஸ்மாவாக வெடிக்கிறது, தண்ணீர் அதை மேலே போகவிடாமல் அமுக்குகிறது, அதிர்ச்சி அலை உலோகத்துக்குள் இறங்குகிறது. ஒவ்வொரு அடிக்கும் ஊசிப் பட்டாசு மாதிரி 'டப்' என்று சத்தம். அடிபட்ட தோல் பரவப் பார்க்கும், கீழே உள்ள உலோகம் விடாது, அதனால் தோல் அமுங்கியே கிடக்கும். அங்கே விரிசல் லேசில் வாய் திறக்காது. சின்னச் சின்ன உலோகக் குண்டுகளை வீசி அடிக்கும் சாதாரண ஷாட் பீனிங்கில் இந்த அமுக்கம் 0.2, 0.3 மி.மீ. ஆழம்தான்; இதில் 1 மி.மீ. வரை போகும்.

டேப்புக்கு அடியில் காற்றுக்குமிழி இருக்கக் கூடாது. விரல் நகத்தால் வளைவின் உள்பக்கம் வரை தேய்த்து ஒட்ட வேண்டும். ஒரு குமிழி தப்பியதில் அந்த இடம் கருகி, ஊசி முனை அளவு குழி விழுந்தது. இன்னொரு சுற்று அடிப்பதென்றால் டேப்பும் புதிதாக வேண்டும், புள்ளிகளையும் பாதி தள்ளி வைக்க வேண்டும்.

இப்போது என் மடத்தனம். பீனிங் முடிந்து வந்த கை பொருந்தவில்லை. அளவை முன்பே முடிக்கவில்லை, வேறென்ன! 0.4 மி.மீ. கிரைண்டரில் தேய்த்துவிட்டேன். அமுக்கம் அதிகமாக இருக்கும் மேல்தோலே தூளாகிப் போனது. பையன் போனில் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் சங்கடம். வெல்டிங்கும் அப்படித்தான். சூடு பட்டால் அமுக்கம் தளர்ந்துவிடும், பக்கத்தில்கூட வைக்காதீர்கள்.

மூன்றாவது கையை மாட்டியிருக்கிறேன். மாதத்துக்கு ஒரு ஞாயிறு, ரோலர் நிற்கும்போது வளைவைத் துடைத்து, சிவப்புச் சாயம் பூசி, பத்து நிமிடம் விட்டுத் துடைத்து, வெள்ளை டெவலப்பர் அடித்துப் பார்க்கிறேன். விரிசல் இருந்தால் அதற்குள் புகுந்த சாயம் வெள்ளையில் சிவப்புக் கோடாகத் தெரியும். மழைக்காலத்தில் ஈரம் காய நேரமாகும், ஹேர் டிரையர் போதும். சிவப்புக் கோடு இதுவரை எட்டிப் பார்க்கவில்லை.