கஷ்டத்தை ஆங்கிலத்தில் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருவில் யாருக்காவது ஆங்கிலத்தில் கடிதம் எழுத வேண்டுமென்றால் என்னிடம் வருவார்கள். அவசர லீவு, பள்ளிக் கட்டணத்துக்குத் தவணை, வங்கிக் கடனுக்கு அவகாசம் என்று பெரும்பாலும் கஷ்டகாலத்தில்தான் வருவார்கள். தெருவில் தமிழும் கன்னடமும் போதும். மேனேஜருக்குப் போகும் மெயிலுக்குப் போதாது. அதில் ஒரு சொல் பிசகினாலும் படிப்பவர் நம்மைத் தவறாக நினைத்துவிடுவார்.

வொயிட்ஃபீல்டில் வேலை பார்க்கும் ஒரு தம்பி, அம்மாவுக்கு டயாலிசிஸ் என்று லீவு கேட்டு எழுதிக்கொண்டு வந்தார். 'ஐ ஆம் பர்டன்ட் வித் மை மதர்' என்று இருந்தது. அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு தன்னுடையது என்று சொல்லத்தான் நினைத்திருக்கிறார். ஆனால் அந்த 'வித்'துக்குப் பின்னால் எது வருகிறதோ அதுதான் சுமை. படிப்பவருக்கு அம்மாவே பாரம் என்றுதான் தோன்றும். 'பர்டன்ட் வித் மெடிக்கல் பில்ஸ்' என்றால் சரி. அம்மாவைப் பற்றிச் சொல்ல 'ஐ ஆம் டேக்கிங் கேர் ஆஃப் மை மதர்' போதும். மாற்றி எழுதியதும் தம்பி அதை இரண்டு முறை வாசித்துப் பார்த்தார்.

'சாடில்ட் வித்' இன்னும் கவனமாகக் கையாள வேண்டியது. சாடில் என்றால் குதிரைச் சேணம். குதிரை அதைத் தானாகப் போட்டுக்கொள்வதில்லை, யாரோ ஏற்றுகிறார்கள். நாம் 'என் தலையில் கட்டிவிட்டார்கள்' என்கிறோமே, ஏறக்குறைய அதுதான். அண்ணன் வாங்கிய கடன் நம் மேல் விழுந்தால் இந்தச் சொல் அழகாகப் பொருந்தும். காய்ச்சலுக்கும் சாவுக்கும் பொருந்தாது. மேனேஜருக்கே 'ஐ வாஸ் சாடில்ட் வித் திஸ் பிராஜெக்ட்' என்று எழுதினால், நீங்கள்தான் என் தலையில் கட்டினீர்கள் என்று குற்றம் சாட்டுவதாகிவிடும். சோர்வைச் சொல்ல நினைத்து எழுதிய வரி சண்டையில் போய் நிற்கும்.

அப்புறம் 'லக்' வரும் தொடர்கள். 'டவுன் ஆன் ஹிஸ் லக்' என்பது பெரும்பாலும் வேலை போய்ப் பணமில்லாமல் நொடித்திருப்பவரைக் குறிக்கும். 'ஹார்ட் லக்' கிரிக்கெட்டில் தோற்றவருக்கும் இன்டர்வியூவில் தேறாதவருக்கும் சொல்வது. அப்பாவைப் பறிகொடுத்தவருக்கு அதை அனுப்பினால் அவர் மனம் புண்படும். அங்கே 'ஐ ஆம் சாரி ஃபார் யுவர் லாஸ்' என்பதே சரி. நான் என்ன தப்பு செய்தேன், ஏன் சாரி சொல்ல வேண்டும் என்று சிலர் தயங்குகிறார்கள். அந்த இடத்தில் சாரி என்பது மன்னிப்பு அல்ல, வருத்தம்.

நாம் அன்போடு சொல்லும் 'பாவம்' என்பதை 'புவர் ஃபெல்லோ' என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொல்லாதீர்கள். இரங்குவதைவிடத் தாழ்த்துவது போலத்தான் கேட்கும். 'ஸ்ட்ரக்' என்றால் தாக்கியது, 'ஸ்டக்' என்றால் மாட்டிக்கொண்டது. துயரம் தாக்கும், சில்க் போர்டு டிராஃபிக்கில் மாட்டிக்கொள்வோம்.

சிவாஜிநகர் புனித மரியன்னை பேராலயத்தில் தமிழ்த் திருப்பலிக்குப் போகிறவர்களுக்குச் சிலுவை சுமப்பது பழகிய சொல். ஆங்கிலத்தில் 'எ கிராஸ் டு பேர்' என்பதை எந்த மதத்தவரும் சொல்வார்கள். தன் நெடுநாள் துன்பத்தைப் பற்றித் தானே சொல்லலாம். அடுத்தவரிடம் 'இட்ஸ் யுவர் கிராஸ் டு பேர்' என்றால், உன் தலையெழுத்து, நீயே தாங்கிக்கொள் என்று கைகழுவுவதுபோல் ஆகிவிடும்.

கழுத்தில் தொங்கும் 'ஆல்பட்ராஸ்' என்ற தொடர், உதறிவிட முடியாத சுமையைக் குறிக்கும். ஆல்பட்ராஸ் ஒரு பெரிய கடற்பறவை. இந்தத் தொடருக்குப் பின்னால் 1798-இல் வெளிவந்த ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜின் நெடுங்கவிதை இருக்கிறது. அதில் ஒரு மாலுமி அந்தப் பறவையை அம்பெய்து கொல்கிறான். கூட இருந்தவர்கள் அதை அவன் கழுத்திலேயே தொங்கவிடுகிறார்கள். அந்தக் குற்றத்தின் நிழல் சொல்லில் இன்னும் ஒட்டியிருப்பதாகவே எனக்குப் படுகிறது. ஒருவர் தன் குழந்தையின் நோயை இப்படி எழுதியிருந்ததைப் பார்த்தேன், அந்த வரியை உடனே அடித்துவிட்டேன்.

'பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும்' என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் ஆங்கிலத்தில் ஒன்றும் புரியாது. நண்பரிடம் 'வென் இட் ரெயின்ஸ், இட் போர்ஸ்' எனலாம். வங்கிக்கு எழுதும் கடிதத்தில் அதுவும் வேண்டாம். எந்த மாதம் வேலை போனது, எத்தனை தவணை நின்றது, எப்போதிலிருந்து கட்ட முடியும் என்ற மூன்றையும் நேராக எழுதுங்கள்.