அமெரிக்கக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் காப்பீட்டுத் தீர்ப்பை வாசிப்பது எப்படி?

காப்பீட்டு வழக்கின் மேல்முறையீட்டுத் தீர்ப்பை முதன்முறையாக வாசிப்பவர் முடிவை மட்டும் தேடாமல், நீதிபதிகள் எந்த வரிசையில் கேள்விகளை எடுத்துக்கொள்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். கத்ரீனா புயலில் நியூ ஆர்லியன்ஸ் நகரின் கால்வாய்க் கரைகள் உடைந்து வீடுகள் மூழ்கியதற்கு இழப்பீடு கேட்டுப் பாலிசிதாரர்கள் காப்பீட்டு நிறுவனங்கள் மீது தொடுத்த வழக்கில், 2007-இல் ஐந்தாம் சர்க்யூட் நீதிமன்றம் (லூசியானா உள்ளிட்ட பகுதிக்கான கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம்) வழங்கிய தீர்ப்பை உதாரணமாகக் கொள்வோம்.

படி 1: வழக்கு கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு வந்த வழியைப் பாருங்கள். பொதுவாக, இரு தரப்பினரும் வெவ்வேறு மாநிலத்தவராகவும் வழக்கின் மதிப்பு 75,000 டாலருக்கு மேலாகவும் இருக்க வேண்டும்.

படி 2: எந்த மாநிலச் சட்டம் பொருந்துகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 1938-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஈரி ரயில்வே வழக்கில் வகுத்த நெறிப்படி, இத்தகைய வழக்குகளில் கூட்டாட்சி நீதிபதிகள் மாநிலச் சட்டத்தையே பின்பற்ற வேண்டும். இங்கே அது லூசியானா சட்டம்.

படி 3: கீழ் நீதிமன்றத்தின் முடிவை மேல்முறையீட்டு நீதிமன்றம் எவ்வளவு தூரம் மறுஆய்வு செய்யலாம் என்பதைக் கண்டுபிடியுங்கள். பாலிசி வாசகத்துக்குப் பொருள் கொள்வது சட்டக் கேள்வி என்பதால், மூவர் அமர்வு கீழ் நீதிமன்றத்தின் கருத்துக்குக் கட்டுப்படாமல் அதைப் புதிதாக ஆராயும்.

படி 4: சர்ச்சைக்குரிய சொல்லை, இங்கே ‘வெள்ளம்’ என்பதை, நிதானமாக வாசியுங்கள், வழக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பாலிசிகள் வெள்ளச் சேதத்தை இழப்பீட்டிலிருந்து விலக்கியிருந்தன. கரை உடைந்தது மனிதரின் கவனக்குறைவான கட்டுமானத்தால்தான் என்றும், ஆகவே அது அந்த விலக்குக்குள் வராது என்றும் பாலிசிதாரர்கள் வாதிட்டனர். பல பாலிசிகளில் அந்தச் சொல் இரு பொருளுக்கு இடம் தருகிறது என்று கீழ் நீதிமன்றமான கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. மேல்முறையீட்டு நீதிமன்றமோ அகராதிகளையும் கலைக்களஞ்சியங்களையும் முந்தைய தீர்ப்புகளையும் புரட்டிப் பார்த்து, கரையை மீறி நிலத்தில் பாயும் நீர், காரணம் எதுவானாலும், வெள்ளமே என்று முடிவுசெய்து அந்த உத்தரவை மாற்றியது. பாலிசியில் வரையறை இல்லை என்பதாலேயே ஒரு சொல் தெளிவற்றதாகிவிடாது என்றும் அது கூறியது. ஐயம் இருந்தால் பாலிசிதாரருக்குச் சாதகமாகப் பொருள் கொள்ளும் விதி, பிற விளக்க விதிகளால் தீராத ஐயம் மிஞ்சும்போதுதான் வரும். வீடிழந்தவர்களுக்கு இது மிகக் கடுமையான முடிவு என்றே நான் கருதுகிறேன். ஆனாலும் தர்க்கம் எங்கே திரும்புகிறது என்பதை இந்தப் பத்திகளைப் போலத் தெளிவாகக் காட்டும் பாடம் அரிது.

படி 5: மாநில உச்ச நீதிமன்றம் அந்தக் கேள்விக்கு ஏற்கெனவே விடை சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையெனில், அது என்ன சொல்லும் என்று கூட்டாட்சி நீதிபதிகள் கணிப்பார்கள். அல்லது கேள்வியை அதனிடமே அனுப்புவார்கள். இந்த வழக்கில் அவர்கள் கணித்தார்கள். 2008-இல் லூசியானா உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் அதே பொருளை ஏற்றுக்கொண்டது.