வட சென்னையிலிருந்து டபிள்யூ.என்.பி.ஏ. சீசனைப் பின்தொடர்வது எப்படி?

வியாசர்பாடியிலும் பெரம்பூரிலும் திருவொற்றியூரிலும் பள்ளி அணிக்காகக் கூடைப்பந்து ஆடும் மாணவியர், ஆண்களின் என்.பி.ஏ. வீரர்களை அறிந்த அளவுக்கு அமெரிக்காவின் தேசிய மகளிர் தொழில்முறை லீகான டபிள்யூ.என்.பி.ஏ.வை அறிந்திருப்பதில்லை. ஆனால் அவர்களுடைய ஆட்டத்துக்குப் பாடமாக அமையக்கூடியது இந்த மகளிர் லீக்தான். 10 நிமிடக் கால் பகுதிகள் நான்கு, 6ஆம் எண் பந்து, கூடைக்கு நேர் எதிரே 6.75 மீட்டரில் மூன்று புள்ளிக் கோடு என அங்குள்ள அடிப்படை அளவுகள் நம் மாநிலப் போட்டிகள் பின்பற்றும் சர்வதேச விதிகளோடு பொருந்துகின்றன. இரண்டு வேறுபாடுகளை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்: நம் ஆட்டத்தில் ஐந்தாவது ஃபவுலில் வெளியேறும் வீராங்கனை அங்கே ஆறாவது ஃபவுலில்தான் வெளியேறுவார், மேலும், எவரையும் நெருங்கிக் காக்காமல் கூடைக்கடியில் மூன்று விநாடிக்கு மேல் நிற்கும் தடுப்பாட்டக்காரரின் அணிக்கு அங்கே தண்டனை உண்டு.

முதலில் நேரக் கணக்கைச் சரிசெய்துகொள்ளுங்கள். சீசன் மே மாதம் தொடங்கி அக்டோபர் வரை நடப்பதால், நியூயார்க் நேரத்துக்கும் நமக்கும் இடையே ஒன்பதரை மணி நேர வேறுபாடு கடைசி வரை மாறுவதில்லை. அங்கே இரவு 7 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு மறுநாள் விடியற்காலை 4.30, மேற்குக் கடற்கரையில் இரவு 7 மணிக்குத் தொடங்குவது காலை 7.30. காசிமேட்டில் மீன் ஏலம் தொடங்கும் முன்பே விழித்துவிடும் வீடுகளுக்கு முதல் நேரம் சிரமமாக இராது. அட்டவணையில் சனிக்கிழமை இரவு என்றிருந்தால் நமக்கு அது ஞாயிற்றுக்கிழமை காலை என்பதை மறக்காமல் குறித்துவையுங்கள். பள்ளி நாள்களில் முழு ஆட்டம் பார்ப்பதைவிட, லீகின் யூடியூப் சானலில் வரும் சுருக்கக் காணொளிகளை மாலையில் பார்ப்பதே நல்லது.

அடுத்து, புள்ளிப் பட்டியலைப் படிக்கும் முறை. பட்டியலின் முதல் எட்டு அணிகள், கோப்பை யாருக்கு என்பதை முடிவுசெய்யும் பிளேஆஃப் சுற்றுக்குச் செல்லும். முதல் சுற்றில் மூன்று ஆட்டங்களில் இரண்டையும், அரையிறுதியில் ஐந்தில் மூன்றையும் வெல்ல வேண்டும். 2025 முதல் இறுதிச் சுற்றில் ஏழில் நான்கையும் வென்றாக வேண்டும். ஆகவே பட்டியலில் முதலிடம் பெற்ற அணியே கோப்பையையும் வெல்லும் என்று நம்பிவிடாதீர்கள். 2025இல் 34 வெற்றி, 10 தோல்வியுடன் முதலிடம் பிடித்த மினசோட்டா லிங்ஸ், அரையிறுதியில் பீனிக்ஸ் மெர்க்குரியிடம் தோற்றது.

அந்த ஆண்டின் சாம்பியனான லாஸ் வேகாஸ் ஏசஸின் பாதையைத்தான் பயிற்சியாளர்கள் மாணவியருக்கு முதலில் காட்ட வேண்டும் என்பேன். ஆகஸ்ட் 2 அன்று அவ்வணி அதே மினசோட்டாவிடம் 111-58 என்று, 53 புள்ளி வித்தியாசத்தில் தோற்று, 14 வெற்றி 14 தோல்வி என்ற நிலைக்கு இறங்கியது. அதன்பின் எஞ்சிய 16 ஆட்டங்களையும் தொடர்ச்சியாக வென்றது. பிளேஆஃபின் முதல் இரண்டு சுற்றுகளையும் கடைசி ஆட்டம் வரை போராடிக் கடந்து, இறுதியில் பீனிக்ஸை 4-0 என்று வீழ்த்தியது. இறுதிச் சுற்றின் மூன்றாவது ஆட்டத்தில் நேரம் முடியும் தருவாயில் ஏஜா வில்சன் போட்ட கூடைதான் 90-88 என்ற வெற்றியைத் தந்தது. அந்தக் கடைசி நிமிடத்தைப் பார்க்கும்போது பந்தை மட்டும் கண்கள் தொடரக் கூடாது. பந்து கைக்கு வருமுன் அவர் எங்கே நின்றார், மற்ற நால்வரும் எப்படி விலகி அவருக்கு இடம் கொடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். இதற்கு முன் 2022, 2023 ஆண்டுகளிலும் இவ்வணியே சாம்பியன்.

பொறுமைக்கு உதாரணம் நியூயார்க் லிபர்ட்டி. 1997 ஜூன் 21 அன்று லீகின் முதல் ஆட்டத்தை வென்ற அணி அது. ஆயினும் ஐந்து இறுதிப் போட்டிகளில் தோற்ற பிறகு, 2024இல்தான், அதுவும் ஐந்தாவது ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில் 67-62 என்று மினசோட்டாவை வென்று, முதல் கோப்பையைப் பெற்றது. பழையவற்றுள் 1997 முதல் 2000 வரை நான்கு முறை தொடர்ந்து வென்ற ஹூஸ்டன் காமெட்ஸையும், நான்கு முறையும் இறுதிச் சுற்றின் சிறந்த வீராங்கனையான சிந்தியா கூப்பரையும் அறிந்தால் தொடக்கத்துக்குப் போதும்.

ஆட்டம் முடிந்ததும் வெளியாகும் புள்ளிவிவரப் பட்டியலில் பலரும் யார் அதிகப் புள்ளி எடுத்தார் என்பதோடு நின்றுவிடுகிறார்கள். அசிஸ்ட் (சக வீராங்கனை கூடை போட வழிசெய்த பாஸ்), தாக்குதல் ரீபவுண்ட் (தன் அணி எறிந்து கூடையில் விழாத பந்தை மீண்டும் கைப்பற்றுவது), பந்தைப் பறிகொடுத்த எண்ணிக்கை ஆகிய மூன்றையும் இரு அணிகளுக்கும் குறிப்பேட்டில் எழுதி ஒப்பிட்டால், தோற்ற அணி எங்கே சறுக்கியது என்பது பெரும்பாலும் விளங்கிவிடும். உங்கள் பள்ளி அணியின் ஆட்டத்துக்கும், ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் மாணவி ஒருவர் இதே மூன்றையும் எண்ணலாம்.

இந்த லீக் நமக்கு எட்டாத தூரத்தில் இருப்பதாக வீட்டில் யாரேனும் சொன்னால், தெற்கு ரயில்வே அணிக்காக ஆடிய கீது அன்னா ஜோஸ் 2011இல் அமெரிக்கா சென்று, அந்த லீகின் அணிகள் நடத்திய தேர்வுகளில் பங்கேற்றதைச் சொல்லுங்கள். இந்திய அணியின் தலைவியாக இருந்து 2021இல் பத்மஸ்ரீ பெற்ற அனிதா பால்துரையும் நம் சென்னையில் ஆடி வளர்ந்து, ரயில்வே வேலையோடு ஆட்டத்தைத் தொடர்ந்தவர். ரயில்வே அணிகள் நகரில் ஆடும் நாள்களில் மாணவியரை நேரில் அழைத்துச் செல்லுங்கள். அதே குறிப்பேட்டையும் கையில் கொடுத்தனுப்புங்கள்.