மேட்ச் நாளில் ஊருக்குக் கிளம்புவது எப்படி?

வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் முடிந்ததும் சென்னையிலிருந்து மதுரை, நெல்லை பக்கம் ஓடுகிற ஹாஸ்டல் ஆளா நீங்கள்? முதலில் டிக்கெட். ரயிலில் 60 நாள் முன்பே முன்பதிவு திறந்துவிடும், ஆனால் இன்டர்னல் தேர்வுத் தேதியே தெரியாத நமக்கு அது எங்கே ஒத்துவரும், அதனால் தட்கல்தான்: முந்தின நாள் காலை 11 மணிக்கு ஸ்லீப்பர் திறக்கும், அதற்குள் ஐஆர்சிடிசி கணக்கில் ஆதாரைச் சரிபார்த்து, பெயர், வயது எல்லாம் ஏற்றி வையுங்கள். கிடைக்கவில்லையா, கிளாம்பாக்கம் போய் பஸ் பிடியுங்கள். பழக்கதோஷத்தில் கோயம்பேட்டில் போய் நிற்காதீர்கள்.

அப்புறம் மேட்ச். ஐபிஎல் இரவு ஆட்டம் 7.30க்குத் தொடங்கும், சேஸிங் சூடுபிடிக்கிற நேரம் பார்த்து ரயில் ஏதோ வயல்வெளியில் போய்க்கொண்டிருக்கும், திரையில் வட்டம் மட்டும் சுற்றும். வீடியோவை விட்டுத்தள்ளி, பந்துக்குப் பந்து எழுத்தில் வருகிற ஸ்கோர் பக்கத்தைத் திறந்து வையுங்கள், டேட்டாவும் தின்னாது. படமென்றால் ஹாஸ்டல் வைஃபையிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். இயர்போன் கட்டாயம். எதிர் பெர்த் தாத்தா ஸ்கோர் கேட்டால் மட்டும் சத்தமாகச் சொல்லலாம், எப்படியும் கேட்பார்.

அழுக்குத் துணியைத் தனிப் பையில் கட்டிக்கொள்ளுங்கள், அம்மா வாசலிலேயே வாங்கிக்கொள்வார்.