பள்ளி விட்ட பிறகு இருபது நிமிஷம்

பையன்கள் அடித்துக்கொள்வது வகுப்பறையில் குறைவுதான். வகுப்பில் முறைத்துக்கொள்வார்கள், இடைவேளையில் ஒரு கெட்ட வார்த்தை போகும், சாயங்காலம் பெல் அடித்து கேட்டைத் தாண்டி முதல் கல்லி, அதாவது சந்து, திரும்புவதற்குள் ஒருவன் உதடு கிழிந்திருக்கும். பள்ளியில் கேட்டால் "காம்பவுண்டுக்கு வெளியே நடந்ததுக்கு நாங்க என்ன பண்ண முடியும்" என்பார்கள், வீட்டில் கேட்டால் "ஸ்கூல்ல என்னத்தைப் பார்க்கிறாங்க" என்பார்கள். மும்பை தாராவியில் பதினோரு வருஷமாக டியூஷன் எடுக்கிறேன், இரண்டு பதிலும் எனக்கு மனப்பாடம். அந்த இருபது நிமிஷம் யார் கணக்கிலும் இல்லை. அதைக் கணக்கில் ஏற்றுவதுதான் முதல் வேலை. போஸ்டர், உறுதிமொழி, பேரணி எல்லாம் அப்புறம். நடக்காமலே போனாலும் பெரிய நஷ்டமில்லை.

ஒரு சார்ட் பேப்பரில் தொடங்குங்கள். நடுவில் பள்ளி கேட்டை வரைந்துவிட்டு, ஏழாம் வகுப்புக்கு மேலே இருக்கிற பிள்ளைகளிடம் கொடுத்து, வீட்டுக்குப் போகும் வழியை அவர்களையே வரையச் சொல்லுங்கள், பயமாக இருக்கிற இடத்தில் சிவப்புப் பொட்டு. பெயர் எழுதவேண்டாம். யார் அடித்தது, யார் கிண்டல் செய்தது என்று கேட்கவே கூடாது, கேட்டால் பேனா அங்கேயே நின்றுவிடும். பையன்களுக்கு ஒரு தாள், பெண்பிள்ளைகளுக்குத் தனித் தாள், இது ரொம்ப முக்கியம். நாங்கள் செய்தபோது ஒயின் ஷாப் முனையில்தான் பொட்டு குவியும் என்று நினைத்திருந்தேன். பையன்கள் பொதுக் கழிப்பறையின் பின்பக்கத்தையும் பழைய சாமான் வாங்குகிற பங்கார் குடோன் ஓரத்தையும் காட்டினார்கள். பெண்பிள்ளைகளின் தாளில் நான் தினமும் டீ குடிக்கிற கடைக்கு எதிரே இருக்கும் பெஞ்ச் முழுக்கச் சிவப்பு. அங்கே உட்காருகிற பையன்கள் எனக்கு "வணக்கம் சார்" சொல்கிறவர்கள். அன்றைக்கு டீ இறங்கவில்லை.

இடம் தெரிந்துவிட்டதா, அந்த நேரத்தில் அங்கே தினமும் நிற்பது யார் என்று பாருங்கள். தலைவர்களைத் தேடவேண்டாம், அவர்கள் நாலு மணிக்கு அங்கே இருக்கமாட்டார்கள். வடாபாவ் வண்டி, இஸ்திரிக் கடை, கழிப்பறையில் காசு வாங்குகிறவர், மாவு மில் அக்கா, இவர்கள்தான் இருப்பார்கள். எங்கள் பக்கத்து வடாபாவ் அண்ணாச்சி சொன்ன ஒன்றை எந்தப் பயிற்சி வகுப்பிலும் நான் கேட்டதில்லை: "வாட்ச கழட்டி கூட்டாளி கையில குடுத்துட்டான்னா அஞ்சு நிமிசந்தான் சார்." மறுநாள் நின்று பார்த்தேன், அப்படியே நடந்தது. முதலில் வாட்ச், அடுத்து பை, கண்ணாடி போட்டவன் என்றால் கண்ணாடி.

இவர்களிடம் கேட்கவேண்டியது சின்ன உதவிதான். நடுவில் பாய்ந்து விலக்கவேண்டாம், அறையவேண்டாம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போதும். "டேய், இங்க வா, இந்தத் தண்ணி கேனை ஒரு கை பிடி." கூட்டத்துக்கு முன்னால் பின்வாங்க முடியாமல் நிற்கிற பையனுக்கு அங்கிருந்து நகர ஒரு சாக்கு வேண்டும், அவ்வளவுதான். சிகாகோவில் கேரி ஸ்லட்கின் என்ற தொற்றுநோய் மருத்துவர் வன்முறையும் நோய் மாதிரி ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவுவது என்று சொல்லி, அந்தந்தத் தெருவில் மதிப்பிருக்கிற ஆட்களையே இடைமறிக்க வைத்தார். அங்கே துப்பாக்கி, இங்கே பெல்ட்டும் கல்லும், ஆனால் யார் சொன்னால் பையன் நிற்பான் என்ற கேள்வி ஒன்றுதான்.

சரி, பள்ளியை எப்படி இழுப்பது? அரசு, மாநகராட்சி, உதவிபெறும் பள்ளி என்றால் 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழு இருக்கவேண்டும், அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். பல இடங்களில் அது கையெழுத்து வாங்க மட்டுமே கூடுகிறது. அந்தக் கூட்டத்துக்கு சார்ட்டோடு போங்கள். கோரிக்கை இரண்டு போதும்: பள்ளி விட்டபின் அரைமணி நேரம் கேட்டில் முறைவைத்து ஓர் ஆசிரியர், அவர் நம்பர் அண்ணாச்சி போனில். தனியார் பள்ளி என்றால் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் பேசுங்கள்.

இன்னொன்றும் அங்கேயே சொல்லிவிடவேண்டும், முகம் சுளித்தாலும் பரவாயில்லை. ஸ்கேலால் அடிக்கிற ஆசிரியர் "அடிக்காதே" என்று சொன்னால் எடுபடாது. அடிப்பதையும் மனதளவில் நோகடிப்பதையும் அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. அதேபோல, சண்டை போட்டவனைப் பத்து நாள் பள்ளிக்கு வராதே என்று அனுப்புவதும் உதவாது. ஒரு பள்ளியில் என் மாணவனுக்கு அப்படி நடந்தது. பத்து நாளும் காலை முதல் அவன் அந்தப் பெஞ்சில்தான் இருந்தான், தன்னைவிட ஐந்தாறு வயது பெரிய பையன்களோடு. திரும்பி வந்தவனிடம் இடுப்பில் ஒரு கட்டர் இருந்தது. தண்டனை வேண்டும் என்றால் பள்ளிக்குள்ளேயே வைத்துக் கொடுங்கள்.

போலீஸைச் சண்டை நடந்த அன்று முதல்முறையாகப் பார்க்கக்கூடாது. 1992-93 கலவரத்துக்குப் பிறகு மும்பையில் வந்த மொஹல்லா கமிட்டிகள் செய்தது அதைத்தான்: போலீஸும் தெருக்காரர்களும் அமைதியான நாளில் உட்கார்ந்து பேசினார்கள், சேர்ந்து கிரிக்கெட் ஆடினார்கள். ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தைகள் நல அதிகாரி ஒருவர் இருக்கவேண்டும் என்கிறது 2015 சிறார் நீதிச் சட்டம். அவர் யார் என்று கேட்டு, சீருடை இல்லாமல் ஒருநாள் டீக்கு அழையுங்கள். 18 வயதுக்குக் கீழே உள்ளவரை லாக்கப்பில் வைக்கக்கூடாது என்பதைப் பெற்றோருக்கும் சொல்லிவையுங்கள். ஆனால் பாலியல் தொல்லை என்றால் பெரியவர்கள் கூடிப் பேசி முடிக்கிற வேலையே வேண்டாம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்த எவரும் புகார் செய்தே ஆகவேண்டும். அவசரத்துக்குக் குழந்தைகள் உதவி எண் 1098.

மனசு விஷயத்தில் நான் கற்றது கொஞ்சம்தான். எரிந்து விழுகிற பையனிடம் முதலில் "எப்ப சாப்பிட்ட, எத்தனை மணிக்குத் தூங்கின" என்று கேட்பேன். ஒருவன் ராத்திரி லெதர் பட்டறையில் பை தைக்க உதவிவிட்டு ஒரு மணிக்குப் படுக்கிறான் என்று அப்படித்தான் தெரிந்தது. அவன் அப்பாவிடம் பேசி பத்து மணிக்கு விடவைத்தோம். சாகணும் என்கிற மாதிரிப் பேச்சு வந்தால் காத்திருக்காதீர்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம்.

ஒரு நோட்டு போடுங்கள்: தேதி, நேரம், இடம். பெயர் வேண்டாம். ஜூனில் பள்ளி திறந்ததும் தொடங்கினால் தீபாவளி லீவுக்கு முன் சார்ட்டை மறுபடி வரையலாம். எங்கள் இரண்டாவது தாளில் பெஞ்ச் பக்கம் பொட்டு பாதிக்கு மேல் குறைந்திருந்தது, பங்கார் குடோன் பக்கம் கூடியிருந்தது. பையன்கள் இடம் மாறிவிட்டார்கள். குடோன்காரர் உத்தரப்பிரதேசத்துக்காரர், எனக்கு இந்தி தட்டுத்தடுமாறும், அதனால் ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சியையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.